தினமும் அரைவேகம்: புதிதாக சைக்கிள் ஓட்டுபவர்கள் விடாமல் செய்யும் தவறு

ஹெல்மெட், டயர் காற்று, முன்விளக்கு பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவற்றை எல்லோரும் தாமாகவே தெரிந்துகொள்கிறார்கள். ஆரம்பத்தில் என்னை முன்னேறவிடாமல் வைத்திருந்த பழக்கங்களையே புதியவர்களிடமும் பார்க்கிறேன். அவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இருக்கையைத் தாழ்த்தி வைத்திருப்பது

பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீளவில்லை என்றால் இருக்கையை உயர்த்துங்கள்.

எல்லா நாளும் ஒரே வேகத்தில் ஓட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அண்மையில் ஓர் இளைஞர் என்னுடன் ஓட்ட வந்தார். மாதக்கணக்கில் ஓட்டியும் வேகம் கூடவில்லை, தூரமும் கூடவில்லை என்று வருத்தப்பட்டார். மேடே இல்லாத சாலைதான். ஆனாலும் அவருடைய தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. ஹேண்டில்பாரில் மாட்டிய திரையைவிட்டுக் கண் அகலவில்லை. சராசரி வேகம் சற்றே இறங்கினாலும் எழுந்து நின்று மிதித்தார். "நேற்று எவ்வளவு ஓட்டினீர்கள்?" என்று கேட்டேன். "இதே தூரம்..." என்றவர், ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "இதே வேகம்" என்றார். அன்று அவர் நிதானமாக ஓட்டியிருக்க வேண்டிய நாள்.

நிதானமும் இல்லாத, முழுவேகமும் இல்லாத இந்த அரைவேகம் ஆளை ஏமாற்றிவிடும். வியர்க்கிறது, கால் வலிக்கிறது, உழைத்த நிறைவும் கிடைக்கிறது. ஆனால் தாங்குதிறனுக்கு அடித்தளம் நிதானமான, நீண்ட ஓட்டம்தான். தசைகளில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுவதும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுவதும், உடல் கொழுப்பை எரிக்கப் பழகுவதும் அப்படித்தான். வேகம் கூட வேண்டுமானால் உண்மையிலேயே திணறவைக்கும் சில நிமிடங்கள் தேவை. தினமும் இரண்டுக்கும் நடுவே ஓட்டினால் களைப்புதான் சேரும். வேகமாக ஓட்ட வேண்டிய நாளில் கால் ஒத்துழைக்காது.

ஸ்டீபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர், தாங்குதிறன் விளையாட்டுகளில் முன்னணி வீரர்களின் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எளிதான தீவிரத்தில் நடப்பதைக் கண்டறிந்தார். உலகத்தரத்தில் ஓட்டுபவர்களே அப்படிப் பழகும்போது, நேற்று வந்தவர் தினமும் ஏன் மூச்சிரைக்க வேண்டும்?

நிதானம் என்றால் பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள், பழகிய பிறகு இரண்டு நாள், கடுமையாக ஓட்டினால் போதும். 4 நிமிடம் பேச்சே வராத அளவுக்கு மிதித்து, அடுத்த 4 நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். இப்படி 4 முறை. அடுத்த கடுமையான ஓட்டத்துக்கு 48 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

சராசரி வேகத்தைத் துரத்தாதீர்கள். மணிக்கு 25 கிலோமீட்டரிலிருந்து 30-க்குப் போக, காற்றைக் கிழிப்பதற்கு மட்டுமே ஏறத்தாழ 70 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். எதிர்காற்று வீசும் நாளில் சராசரி வேகம் உங்கள் உழைப்பைக் காட்டவே காட்டாது. அந்த இளைஞரைத் திரையைக் கழற்றிப் பையில் போடச் சொன்னேன். சற்று நேரத்தில் ஒருவர் எங்களைக் கடந்து போனார். இவர் கை கியரைத் தேடியது. "போகட்டும், விடுங்கள்" என்றேன். அந்த நாளில் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது அதுதான்.

பெரிய கியரில் அழுத்தி மிதிப்பது

அந்தப் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும். பெடல் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வரும்படி கியரைக் குறையுங்கள். மேட்டில் ஏறிய பிறகு அல்ல, ஏறுவதற்கு முன்பே.

ஓய்வு நாளிலும் ஓட்டுவது

வேண்டாம்.

பசித்த பிறகு சாப்பிடுவது

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டம் என்றால், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். முதல் அரைமணி நேரத்திலிருந்தே சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். தசையில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்து கண் இருண்ட பிறகு எதைத் தின்றாலும் கால் உடனே மீளாது. மீதித் தூரத்தை உருட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்.