வெளிநாட்டில் வாங்கும் கைக்கடிகாரத்துக்குச் சுங்க வரி: கணக்கும் நடைமுறையும்

வெளிநாட்டில் வாங்கிய கைக்கடிகாரம் ஒன்றுக்கு எவ்வளவு வரி என்று கேட்பவர்கள், அது எந்த வழியாக ஊருக்கு வருகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அதே கடிகாரம் பயணியின் பெட்டியில் வந்தால் ஒரு கணக்கு, கூரியரில் வந்தால் வேறொரு கணக்கு. குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை, நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாகத்தான் விடுமுறைக்கு வருகிறார்கள் என்பதால், பயணிகள் உடைமைக்கான விதிகளையே இங்கு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயணியின் கைவழி

2016ஆம் ஆண்டு விதிகளின்படி வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் இந்தியர் ஒருவர் 50,000 ரூபாய் மதிப்புள்ள பொருள்களை வரியின்றிக் கொண்டுவரலாம் என்று இருந்தது. 2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இந்த வரம்பை 75,000 ரூபாயாக உயர்த்தியுள்ளன. இது கடிகாரத்துக்கு மட்டும் தரப்பட்ட சலுகை அல்ல. வாசனைத் திரவியம், கைப்பேசி, பால்பொடி டின், பிள்ளைகளுக்கு வாங்கிய விளையாட்டுப் பொருள் என்று பெட்டியில் உள்ள புதிய பொருள்கள் எல்லாம் இந்த ஒரே வரம்புக்குள் அடங்க வேண்டும். வரம்பைத் தாண்டிய மதிப்புக்கு 35 சதவீத அடிப்படைச் சுங்க வரியும், அந்த வரித்தொகையில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரியும் சேர்ந்து 38.5 சதவீதம் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் விகிதம். பயணியின் உடைமைக்கு ஜிஎஸ்டி தனியாகச் சேராது.

கணவனும் மனைவியும் சேர்ந்து வரும்போது இருவர் வரம்பையும் கூட்டி 1,50,000 ரூபாய்க்குள் அடங்கும் ஒரு கடிகாரத்தை வரியின்றிக் கொண்டுவந்துவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு; ஒரு பயணியின் வரம்பை இன்னொருவரின் வரம்போடு சேர்க்க விதி இடம் தரவில்லை. 1,40,000 ரூபாய்க் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவருபவர் பெட்டியில் வேறு புதிய பொருள் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 75,000 போக மீதமுள்ள 65,000 ரூபாய்க்கு 25,025 ரூபாய் வரி செலுத்தியாக வேண்டும். கடையில் விலை பேசும்போதே இந்தத் தொகையையும் கூட்டிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அப்படிப் பார்த்தால் சில மாடல்களை நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்குவதே மலிவாக முடியும்.

கையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் வரி இல்லை என்பதும் பாதி உண்மைதான். பயணி ஏற்கெனவே பயன்படுத்திவரும் சொந்தப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. நேற்று வாங்கிய கடிகாரம் மணிக்கட்டில் ஏறியதாலேயே பழைய பொருளாகிவிடாது. உத்தரவாத அட்டையில் உள்ள தேதியும், பெட்டியில் மடித்து வைத்த காலி உறையும், பட்டையில் உரிக்கப்படாத மெல்லிய பிளாஸ்டிக்கும் அதிகாரி கண்ணில் படாமல் போவதில்லை. வரம்பைத் தாண்டும் கடிகாரம் வைத்திருப்பவர், அது கையில் இருந்தாலும் பெட்டியில் இருந்தாலும், வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான ரெட் சேனல் வழியாகச் சென்று தானாக அறிவிப்பதே பாதுகாப்பானது. சுங்கத்துறையின் அதிதி செயலியில் பயணத்துக்கு முன்பே அறிவிப்பைப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது.

இதற்கு நேர்மாறான சூழ்நிலையும் உண்டு. சொந்தமாக விலையுயர்ந்த கடிகாரம் வைத்திருப்பவர் அதைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போகும்போது, புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் காட்டி, அதன் வரிசை எண்ணைக் குறித்து ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது அதற்கு வரி கேட்கப்படாது. இதற்காக அரைமணி நேரம் முன்னதாகப் போவதில் நட்டம் ஒன்றுமில்லை.

பில் ஏன் கடிகாரத்தைவிட முக்கியம்

1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123ஆவது பிரிவை இந்த விஷயத்தில் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அது கடத்தி வரப்பட்டதல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைப் பொருளை வைத்திருந்தவர் மீதும், அதன் உரிமையாளர் என்று சொல்பவர் மீதும் அந்தப் பிரிவு சுமத்துகிறது. எல்லாப் பொருளுக்கும் இந்தக் கடுமை பொருந்துவதில்லை. சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது தங்கத்தையும் தங்கப் பொருள்களையும் கைக்கடிகாரங்களையும்தான். மற்றவை அரசு அறிவிக்கும்போது சேரும். ஆகவே கடைப் பில், வங்கி அட்டையில் பணம் செலுத்திய பதிவு, உத்தரவாத அட்டை, விமான நிலையத்தில் வரி கட்டிய ரசீது ஆகியவற்றைக் கடிகாரம் கையில் இருக்கும் காலம் வரை பத்திரப்படுத்த வேண்டும். பிற்காலத்தில் அதை விற்க நினைத்தாலும் இவையே கேட்கப்படும்.

ஊருக்குப் போகும் நண்பர் கையில் பொட்டலம் கொடுத்தனுப்பும் வழக்கம் நம் பக்கம் ஆழமாக வேரூன்றியது. மருந்தும் துணியும் அப்படித்தான் வந்து சேர்கின்றன. கடிகாரத்தை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. கேள்வி எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அனுப்பியவர் அல்ல, பில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் கொண்டுவந்த அந்த நண்பர்தான்.

கூரியரும் தபாலும்

இணையத்தில் வாங்கிக் கூரியரில் வரவழைக்கும் புதிய கைக்கடிகாரத்துக்கு 75,000 ரூபாய் வரம்பு பொருந்தாது. சுங்கக் கட்டண அட்டவணையின் 91ஆம் அத்தியாயத்தில் அடங்கும் கைக்கடிகாரங்களுக்கு, 2018 வரவு செலவுத் திட்டத்துக்குப் பிறகு அடிப்படை வரி 20 சதவீதமாக உள்ளது. அதன் மேல் 2 சதவீதக் கூடுதல் வரியும், இவை அனைத்தையும் சேர்த்த தொகையின் மீது 18 சதவீத ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியும் வரும். மதிப்பு 1,00,000 ரூபாய் என்றால் 20,000, பிறகு 2,000, பிறகு 1,22,000 ரூபாயின் மீது 21,960 என்று மொத்தம் 43,960 ரூபாய். இங்கே மதிப்பு என்பது கடை விலை மட்டும் அல்ல. அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தது, அதுவும் வங்கி தரும் மாற்று விகிதத்தில் அல்லாமல் சுங்க வாரியம் அறிவிக்கும் விகிதத்தில் ரூபாயாக மாற்றப்பட்டது. அதே அட்டவணையில் சொந்தப் பயன்பாட்டுக்கு வரும் பொருள்களுக்கென உள்ள தனித் தலைப்பின் (வகைப்பிரிவின்) அடிப்படை வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக 2026 வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. எந்தத் தலைப்பின் கீழ் கணக்கிடப் போகிறார்கள் என்பதைப் பொருளை வரவழைக்கும் முன்பே கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது பணத்தை மிச்சப்படுத்தும். வரியை முன்பணமாகக் கட்டியதற்குக் கூரியர் தனக்கென ஒரு சேவைக் கட்டணமும் வசூலிக்கும். அதை வரி என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருப்பதால், சுவிஸ் கடிகாரங்களின் வரி படிப்படியாகக் குறைகிறது. ஆனால் இந்தச் சலுகை உற்பத்தி நாட்டுச் சான்றோடு அங்கிருந்து முறையாக இறக்குமதியாகும் சரக்குக்கானது. துபாய்க் கடையில் வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் சுவிஸ் கடிகாரத்துக்கு அது உதவாது.

பரிசு என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்ற காலம் 2019 டிசம்பரோடு முடிந்தது. உயிர் காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர மற்றவற்றுக்குப் பரிசு என்ற பெயரில் விலக்குக் கேட்க முடியாது. முழு வரி கட்டினால் பரிசாகவும் வரலாம். பொட்டலத்தின் மேல் குறைந்த விலையை எழுதச் சொல்லி விற்பவரை வற்புறுத்துவது அதைவிட மோசம், ஏனென்றால் அதே கடிகாரத்தின் விலையை அதிகாரி இணையத்தில் பார்த்துவிடுவார்.

பழைய கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு வேறொரு தடை இருக்கிறது. பயன்படுத்திய நுகர்பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உரிமம் இல்லாமல் கூரியரில் வரவழைத்தால் பொருள் சுங்கத்திலேயே நின்றுவிடக் கூடும். முதலைத் தோல், மலைப்பாம்புத் தோல் பட்டைகளும் வன உயிரின வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதால், அத்தகைய கடிகாரத்தை ரப்பர் அல்லது எஃகுப் பட்டையுடன் அனுப்பச் சொல்வதே எளிது.

தகராறு வந்தால்

விமான நிலையத்தில் வரி கட்டப் பணம் போதவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. உண்மையான அறிவிப்பைச் செய்திருக்கும் பயணி, சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி கடிகாரத்தைச் சுங்கத்தில் ஒப்படைத்து ரசீது பெற்று, விடுமுறை முடிந்து திரும்பிப் போகும்போது அதைப் பெற்றுக்கொள்ளலாம். அறிவிக்காமல் பிடிபட்டவருக்கு இந்த வசதி கிடைக்காது. அங்கே பறிமுதல், பறிமுதலான பொருளை மீட்கக் கட்டும் மீட்பு அபராதம், தண்டம் என்று செலவு கூடிக்கொண்டே போகும். மதிப்பீடோ அபராதமோ தவறு என்று தோன்றினால், எழுத்து வடிவிலான உத்தரவைக் கேட்டு வாங்க வேண்டும். அது கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடலாம். அந்த மனுவோடு பில்லின் நகல், பயணச்சீட்டு, கடவுச்சீட்டின் வருகை முத்திரைப் பக்கம், விமான நிலையத்தில் தரப்பட்ட ரசீது ஆகியவற்றை இணைக்க வேண்டும்.