ஒரு பக்கத்தைக் கெடுத்துப் பாருங்கள்

இருபத்திரண்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். ஒரு நாவலாசிரியரின் நடை என்றால் என்ன என்பது, அப்படி ஒரு நடையை நானே கெடுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரிசல்காட்டு எழுத்தாளர் ஒருவரின் நாவல் என் மேஜைக்கு வந்தது. ‘கம்மா’வையெல்லாம் ‘கண்மாய்’ ஆக்கினேன். ‘வெள்ளாமை’யை ‘விவசாயம்’ என்று திருத்தினேன். தாள் முழுக்கச் சிவப்பு மை. எனக்கோ ஒரே பெருமை. அவர் வந்து பார்த்தார், கோபப்படவில்லை. “ஏம்மா, இதுல எங்க ஆத்தா பேசுதாளா, தாசில்தார் பேசுதாரா?” என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து நான் அடித்த ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் புள்ளி வைத்து, பழைய சொல்லே நிற்கட்டும் என்பதற்காக ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினேன்.

நடையை எப்படிக் கவனிப்பது என்று யாராவது கேட்டால் அதனால்தான் இந்த வழியைச் சொல்கிறேன்: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு பக்கம் போதும். நாவலின் முதல் பக்கம் வேண்டாம். அதை எல்லோரும் இழைத்து இழைத்து வைத்திருப்பார்கள். நடுவில், யாரோ சாப்பிடுகிற, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சாதாரணப் பக்கமாகப் பாருங்கள். மொழிபெயர்ப்பு நாவலையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அங்கே இரண்டு பேர் நடை கலந்து கிடக்கும். எடுத்த பக்கத்தை ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். செல்போனில் படம் பிடித்துக்கொண்டால் பலன் இல்லை. கை வலிக்கும்போதுதான் வாக்கியம் எவ்வளவு தூரம் போகிறது, புள்ளி எங்கே விழுகிறது என்பதெல்லாம் உறைக்கும்.

சரி, இனி கெடுக்கும் வேலை. அசோகமித்திரன் பக்கம் என்றால் உணர்ச்சிச் சொற்களைச் சேர்த்துப் பாருங்கள். அவர் வரியில் கை வைத்துக் காட்ட எனக்கு மனசில்லை, நானே ஒன்று எழுதுகிறேன்:

“குடத்தை வைத்தாள். குழாயில் காற்று மட்டும் வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டாள்.”

கடைசி வாக்கியத்தில் ‘ஏமாற்றத்தோடு’ என்று சேருங்கள். படிப்பவர் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்துவிட்டீர்கள். முன்பு அந்தக் காலிக் குடத்தின் கனம் அவருக்குத் தானாகத் தெரிந்தது. இப்போது ஒரு தகவல் கிடைக்கிறது, அவ்வளவுதான். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) நாவலின் முடிவில், கலவரத்துக்கு நடுவே ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான் கதாநாயகன் சந்திரசேகரன். குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண் தன்னையே கொடுக்க முன்வருகிறாள், அவன் ஓடிவிடுகிறான். நாவலில் முன்னால் கிரிக்கெட் ஆட்டத்தைச் சொன்ன குரலிலேயே அசோகமித்திரன் இதையும் சொல்லிவிடுகிறார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெமினி ஸ்டூடியோவில் பல வருடம் வேலை பார்த்தவர் அவர். மிகைநடிப்பைப் பக்கத்தில் நின்று பார்த்ததால்தான் குரலை இப்படித் தாழ்த்திக்கொண்டாரோ என்பது என் ஊகம்.

கி. ராஜநாராயணனைக் கெடுக்க வேறு வழி. ‘கோபல்ல கிராமம்’ நாவலில் ஒரு பக்கத்தைப் பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றி, இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். மங்கத்தாயாரு என்ற முதிய கிழவி அதில் ஊர் பிறந்த கதையைச் சொல்கிறாள். மாற்றிய பக்கத்தில் செய்தி அப்படியே இருக்கும், கிழவி எழுந்து போயிருப்பாள். மூலத்தைப் படிக்கும்போது நாலு வரி தாண்டிப் போகக்கூடத் தயக்கமாக இருக்கும், அவள் கோபித்துக்கொள்வாளோ என்று. ராஜநாராயணனுக்கு இந்தக் காது ஒரு நாளில் வந்ததில்லை. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் விவசாயம் பார்த்தவர், பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாதவர், அதே ஊர்க்காரரான எழுத்தாளர் கு. அழகிரிசாமியோடு ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டவர். கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே போட்டார். எங்கள் மாதிரி ஆட்களிடம் அந்தச் சொற்கள் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம், மூலத்தையும் கெடுத்ததையும் இன்னொருவருக்குப் படித்துக் காட்டுங்கள். எது எது என்று சொல்லாதீர்கள். நான் என் மாமியாருக்குப் படிப்பேன், அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார். கெடுத்த பக்கத்துக்கு “ம்” கொட்டுவார், கை பாட்டுக்குக் கீரை உருவும். மூலத்துக்கு வந்ததும் எங்கேயோ ஓரிடத்தில் கை நின்றுவிடும். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. மறுநாள் காலையில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் அந்த இடத்தைத்தான் சொல்வார்.

கடைசியாக உங்கள் சொந்தப் பக்கம் ஒன்றை இதேபோல் கெடுத்துப் பாருங்கள். என் நோட்டில் நான் எழுதியது நாலு பக்கம் இருக்கிறது. மூன்றில் எதைச் சேர்த்தாலும் எதை எடுத்தாலும் ஒன்றும் குறையவில்லை. நாலாவதில் அம்மா ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள். அவள் நிற்பதற்கு முன்னால் ‘பொறுமையாக’ என்று சேர்க்கப் போனேன், கை வரவில்லை.