குக்கர் ரீகால்: "எனக்கு ஒண்ணும் ஆகல" என்று விட்டுவிடாதீர்கள்

2025 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிஞ்சா ஃபூடி ஓபி300 வரிசை எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்கள் 18 லட்சத்துக்கும் மேல் ரீகால் செய்யப்பட்டன, அதாவது கோளாறு காரணமாகத் திரும்ப அழைக்கப்பட்டன. கனடாவில் விற்றவை தனியாக 1,84,000-ஐத் தாண்டும். உள்ளே அழுத்தம் இருக்கும்போதே மூடி திறந்துகொள்கிறது என்பதுதான் கோளாறு. 106 பேருக்குத் தீக்காயம் என்று புகார் வந்திருந்தது. அதில் 50-க்கு மேற்பட்டவை முகத்திலும் உடம்பிலும் இரண்டாம், மூன்றாம் நிலைக் காயங்கள்.

இப்படி ஒரு செய்தி வந்ததும் நம் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் விழும் பதில் என்ன தெரியுமா? "அவசரப்பட்டுத் திறந்திருப்பாங்க." தவறு அங்கேதான் தொடங்குகிறது. அவசரப்பட்டவர் கைக்கும் திறக்காமல் இருக்கத்தானே அந்த மூடியில் பூட்டு வைத்திருக்கிறார்கள்? நம் ஊர் உள்மூடி குக்கரில் ஆவியே மூடியை விளிம்போடு மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆவி அடங்காமல் மூடி உள்ளே இறங்காது. வெளிமூடி குக்கரிலும் எலக்ட்ரிக் குக்கரிலும் அந்த வேலையைச் செய்வது பூட்டும், ஆவி ஏறியதும் மூடியில் எழும்பி நிற்கும் சின்ன முள்ளும்தான். பூட்டின் வடிவமைப்பிலேயே பிசகு இருந்தால், இரண்டு கையால் கொஞ்சம் பலமாகத் திருகினால் போதும், மூடி வந்துவிடும்.

வந்தால் என்ன ஆகும்? அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் நிற்பதில்லை, 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். மூடி விலகிய கணத்தில் அதில் ஒரு பங்கு அப்படியே ஆவியாகிக் கிளம்பும். போகிற போக்கில் மிச்சத்தையும் தூக்கி அடிக்கும். வெறும் ஆவி பட்டால் கையை இழுத்துக்கொள்ளலாம். குழைந்த பருப்பு அப்படியில்லை, தோலில் அப்பிக்கொண்டு வேகவைக்கும். காயங்கள் மூன்றாம் நிலை வரை போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, "அஞ்சு வருஷமா இதுலதான் சமைக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே." 2020 நவம்பரில் ரீகால் ஆன கிராக்-பாட் எக்ஸ்பிரஸ் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்றவை 9,14,430. மூடி பிய்த்துக்கொண்டதாக வந்த புகார்கள் 119, காயம்பட்டவர்கள் 99. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 7,700 குக்கருக்கு ஒன்று. மற்றவர்கள் வீட்டில் அது ஒழுங்காகச் சோறு வடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். கோளாறு என்னவென்றால், மூடி முழுசாகப் பூட்டாதபோதும் உள்ளே அழுத்தம் ஏறியது. அந்த 99 பேரும்கூட அன்று காலை வரை "எனக்கு ஒண்ணும் ஆகல" கட்சிதான்.

இதே கிராக்-பாட் விஷயத்தில் இன்னொன்று. பெயரை மட்டும் பார்த்து, "நம்முடையது அந்த மாடல் இல்லை" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்தக் குக்கரின் தயாரிப்புக் குறியீடு எங்கே இருந்தது தெரியுமா? அடிப்பாகத்தில் ஒன்று, இன்னொன்று பிளக்கின் பித்தளைக் காலில் பொறித்திருந்தது! சுவரிலிருந்து பிடுங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அறிவிப்பில் இருக்கும் எண்ணையும் பொருளில் இருக்கும் எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அட்டைப்பெட்டியில் இருப்பதை நம்ப வேண்டாம்.

பெயர்க் குழப்பம் மறுபக்கமும் உண்டு. 2023 ஆகஸ்டில் சென்சியோ நிறுவனம் 8,60,000 குக்கர்களைத் திரும்பப் பெற்றது. ஆனால் சென்சியோ என்ற பெயரைப் பார்த்து யாரும் அவற்றை வாங்கவில்லை. பெல்லா, பெல்லா ப்ரோ, குக்ஸ், க்ரக்ஸ் என்ற பெயர்களில்தான் கடையில் இருந்தன. எலக்ட்ரிக் மட்டுமல்ல, அடுப்பில் வைக்கும் குக்கரும் அதில் சேர்த்தி. 2015-லிருந்து 2020 வரை விற்றவை. வாரண்டி முடிந்து, பில் தொலைந்து பல வருஷம் ஆகியிருக்கும். அதனால் என்ன, பாதுகாப்பு ரீகாலுக்கும் வாரண்டிக்கும் சம்பந்தமில்லை. பில் இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் உறுத்தியது 2023 அக்டோபரில் வந்த இன்சிக்னியா குக்கர் ரீகால். அதில் உள்பாத்திரத்தின் அளவுக் கோடுகளே தப்பு. கோட்டை நம்பி ஊற்றினால் அளவு மீறிவிடும். ஆவியைச் சட்டென்று திறந்துவிடும்போது குழம்பும் சேர்ந்து பீய்ச்சும். சொன்னபடி செய்தவருக்குத்தான் அங்கே ஆபத்து. அதனால், கோடு எங்கே இருந்தாலும் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். பருப்பு, அரிசி மாதிரி நுரைத்துப் பொங்குபவற்றுக்குப் பாதிக்கு மேல் வேண்டாம். பருப்பு வெந்ததும் ஆவியைத் திறந்துவிடாமல் தானாக அடங்க விடுங்கள்.

ரீகால் என்றதும் பாத்திரத்தைத் தூக்கிக் குப்பையில் போடுவதும் அவசரம்தான். நிஞ்சாவுக்கும் கிராக்-பாட்டுக்கும் கொடுத்த தீர்வு இலவச மாற்று மூடி. அது வரும்வரை அழுத்தச் சமையலை மட்டும் நிறுத்தினால் போதும், மற்ற வேலைகளுக்குப் பயன்படுத்தலாம் என்றார்கள். இன்சிக்னியாவுக்கு மாற்று உள்பாத்திரம். சென்சியோவுக்குப் பணம். எதைக் கொடுக்கிறார்கள் என்று படிக்காமல் எறிந்தால் நஷ்டம் உங்களுக்கு. வீட்டைக் காலி செய்யும்போது அதை அடுத்துக் குடிவருபவருக்குக் கொடுத்துவிட்டுப் போவது அதைவிட மோசம். ரீகால் ஆன பொருளை விற்பது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். வீட்டு வாசலில் போடும் பழைய சாமான் விற்பனைக்கும் அது பொருந்தும்.

இந்தியாவில் கதை வேறு. இங்கே குக்கர் ரீகால் பெரிதாகப் பேசப்பட்டது 2022-இல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான் தளத்தில் விற்ற 2,265 குக்கர்களையும் ஃபிளிப்கார்ட்டில் விற்ற 598 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரச் சொல்லி உத்தரவிட்டது. இரண்டு நிறுவனங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம். வெடித்தது என்பதற்காக அல்ல, ஐஎஸ்ஐ முத்திரை இல்லை என்பதற்காக. 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டுக் குக்கர்களுக்கு ஐஎஸ் 2347 தரம் கட்டாயம். ஆகவே இங்கே நாம் செய்யும் தவறு வாங்கும்போதே நடந்துவிடுகிறது. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறோம். முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். பொருந்தவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. மூடி ஒருமுறை தானாக வழுக்கித் திறந்தது, யாருக்கும் அடிபடவில்லை என்றாலும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.