ஆம்ப், ரிசீவர், பிளேயர்: சூடேறாமல் அடுக்குவது எப்படி?

ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்; ஸ்பீக்கரை ஓட்டுவது இதுதான்), சிடி பிளேயர், ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் கருவி) என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிடுகிறார்கள். பெட்டிகள் ஏறக்குறைய ஒரே அகலம், அடுக்கினால் பார்க்கவும் நன்றாக இருக்கிறது. அப்படி வைத்த ஆம்ப், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துபோகும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். ஏதோ கோளாறு என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே திறந்த மேசையில் மணிக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் பாடும். பல நேரங்களில் கோளாறு ஆம்பில் இல்லை, அதை வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

அதனால் அடுக்கும்போது பெட்டிகளின் அளவைவிட, காற்று போகும் வழியைப் பாருங்கள். குளிர்ந்த காற்று நுழைய ஓரிடம், சூடான காற்று வெளியேற ஓரிடம் என்று ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வழி வேண்டும். ஒன்றை அடைத்தாலும் இன்னொன்று பயன்படாது.

கையில் ஓர் அளவு நாடா, டார்ச், ரசமட்டம், சாதாரண டிஜிட்டல் வெப்பமானி இருந்தால் போதும். கருவிகளோடு வந்த கையேடுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எது சுடுகிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு கருவியையும் தனியாக மேசை மேல் வைத்து, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு மேல்மூடியை முதலில் விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, தாங்கும் சூடு என்றால் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. சூடு நன்றாகத் தெரிகிறது, ஆனாலும் கையை வைத்திருக்க முடிகிறது என்றால் அது நடுத்தரம். சில வினாடிகளில் கையை எடுத்துவிடத் தோன்றினால், மூடி 55 அல்லது 60 டிகிரி செல்சியஸை நெருங்கிவிட்டது என்று பொருள். அடுக்கில் முதலில் இடம் ஒதுக்க வேண்டியது இந்தக் கருவிக்குத்தான்.

வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் ஆம்ப்) வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். வால்வின் கண்ணாடி தொட்டவுடன் தோலைச் சுட்டுவிடும். அதன் மேலே எதையும் வைக்கக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்திலும் வைக்கக் கூடாது.

ஒரே அளவு பெட்டிகளில் ஒன்று கொதிப்பதும் இன்னொன்று குளிர்ந்தே இருப்பதும் ஏன்? ஆம்ப் எந்த வகை என்பதைப் பொறுத்தது அது. கிளாஸ் ஏ ஆம்ப், பாட்டே ஓடாதபோதும் முழு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும்; எடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் எப்போதும் சூடாகத்தான் போகும். பெரும்பாலான வீட்டு ஆம்ப்களும் ரிசீவர்களும் (ஆம்பும் ரேடியோவும் ஒரே பெட்டியில் இருப்பவை) கிளாஸ் ஏபி. இவை பரவாயில்லை, ஆனாலும் நன்றாகவே சுடும். டிவியோடும் இணைக்கும் ஏ.வி. ரிசீவர்கள் பல, சத்தமே இல்லாமல் சும்மா இருக்கும்போதே 40, 50 வாட் எடுக்கும். அதனால், சத்தத்தைக் குறைத்து வைத்தால் சூடாகாது என்று நம்பி இடத்தைக் குறைக்காதீர்கள். கிளாஸ் டி ஆம்ப்கள் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடுவதால் சூடு குறைவு. சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி), ஸ்ட்ரீமர் எல்லாம் பொதுவாக அதிகம் சுடாதவை.

இன்னொன்று: 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பதிலாக 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால், அதே வால்யூமில் ஆம்ப் ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டம் கொடுக்க வேண்டியிருக்கும். சூடும் அதற்கேற்பக் கூடும். ஸ்பீக்கரை மாற்றினால் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

சூடு ஆம்பை அணைப்பதோடு நிற்பதில்லை. உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. இது வெளியே தெரியாமல் நடக்கும். சில ஆண்டுகள் கழித்து ஸ்பீக்கரில் உறுமல் கேட்கும்போதுதான் தெரியவரும்.

படி 2: காற்றுத் துளைகள் எங்கே?

கருவியை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். மேல்மூடியில் துளைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது அடிப்பக்கத்துத் துளைகளை. குளிர்ந்த காற்று பெரும்பாலும் அங்கிருந்துதான் நுழைகிறது. அதற்காகத்தான் ரப்பர் கால்கள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தூக்கிப் பிடிக்கின்றன. அவற்றைக் கழற்றுவதும், ஆம்பை நேரடியாகத் தடித்த கம்பளத்தின் மேல் வைப்பதும் கூடாது. கால்கள் கம்பளத்துக்குள் அமுங்கி அடிப்பக்கம் மூடிக்கொள்ளும். மேல்மூடியில் அலங்காரத் துணி விரிப்பதும் இதே தவறுதான்.

சிலவற்றில் பக்கவாட்டில் துடுப்பு துடுப்பாக ஹீட் சிங்க், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி, இருக்கும். பின்பக்கம் சின்ன விசிறி இருந்தால், கருவியை மறுபடி ஓடவிட்டு, விசிறி சுழலும்போது அது எந்தத் திசையில் ஊதுகிறது என்று ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். படி 5-இல் தேவைப்படும்.

படி 3: எதன் மேல் வைப்பது?

நான் பரிந்துரைப்பது நான்கு பக்கமும் திறந்த ரேக். கதவு போட்ட டிவி அலமாரியைவிட எல்லா வகையிலும் மேல். பெட்டி மேல் பெட்டியாக நேரடியாக வைப்பதை, தயாரிப்பாளரே அதற்கென்று வடிவமைத்திருந்தால் ஒழிய, விட்டுவிடுங்கள். சிடி பிளேயரின் மூடி மெல்லிய தகடு. 12 கிலோ ரிசீவரைச் சுமக்கச் செய்தது அல்ல.

தட்டு எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண ரிசீவரே 8 முதல் 15 கிலோ வரை இருக்கும். பெரிய ஆம்ப்கள் 20 கிலோவைத் தாண்டும். ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். கருவியின் ஆழத்தோடு பின்பக்க கேபிள்கள் வளைய 8 முதல் 10 செ.மீ. கூட்டினால்தான் சரியான கணக்கு. வைத்தபின் ரசமட்டம் பார்த்து, ஆடாமல் நிற்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். உயரமான ரேக் என்றால் சுவரோடு பிணைப்பது நல்லது.

படி 4: வரிசை

சூடான காற்று மேலே போகும். அதனால் அதிகம் சுடுவது மேலே, சுடாதது கீழே. ஆம்ப் கீழே இருந்து சிடி பிளேயர் மேலே இருந்தால், பிளேயர் ஆம்பின் வெக்கையிலேயே வேகும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். அதிகம் சுடுவதே அதிகம் கனப்பதும். கனமானது உச்சியில் இருந்தால் ரேக் சாயலாம். உறுதியான, தாழ்ந்த ரேக் என்றால் ஆம்பை மேல்தட்டில் வையுங்கள். உயரமான, ஒல்லியான ரேக் என்றால் எடைக்கே முதலிடம். ஆம்பைக் கீழ்த்தட்டில் வைத்து, அதற்கு மேலே இருக்கும் இடைவெளியை மற்ற எல்லாத் தட்டுகளையும்விடப் பெரிதாக விடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஆம்பைத் தனியாக ஒரு சின்ன ஸ்டாண்டில் வைப்பதே சரி.

டர்ன்டேபிளை (இசைத்தட்டு சுழற்றும் கருவி) ஆம்பின் தலைக்கு மேலே வைக்காதீர்கள். வினைல் தட்டு சூட்டில் நெளியும். அதோடு, ஆம்பின் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் காந்தப்புலத்தை டர்ன்டேபிளின் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி ஒலியை எடுக்கும் பகுதி) பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று உறுமும். பக்கத்தில் தனி மேசை, அதுவும் ஸ்பீக்கரின் அதிர்வு எட்டாத இடம் என்றால் நிம்மதி.

படி 5: இடைவெளி

கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முதல் விதி. சில ரிசீவர்களுக்கு மேலே 20, 30 செ.மீ. கூடக் கேட்டிருப்பார்கள், கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். கையேடு இல்லையென்றால், சுடும் கருவிக்கு மேலே குறைந்தது 10 செ.மீ., பக்கங்களில் 5 செ.மீ., பின்னால் 10 செ.மீ. என்று தொடங்குங்கள். சுடாதவற்றுக்கு மேலே 3, 4 செ.மீ. போதும். ஒரு கருவியின் விசிறி ஊதும் திசையில் இன்னொரு கருவியின் காற்றுத் துளை வரக் கூடாது. 

படி 6: அலமாரிக்குள்தான் வைத்தாக வேண்டும் என்றால்

திறந்த ரேக்குக்கு இடமில்லை, குழந்தைகள் இருக்கிறார்கள், கதவு வேண்டும் என்பவர்கள் உண்டு. முடியாதது இல்லை. ஆனால் அலமாரியையே ஒரு புகைபோக்கியாக மாற்ற வேண்டும்: கீழே காற்று நுழையத் திறப்பு, மேலே வெளியேறத் திறப்பு.

முதலில் பின்பலகையைக் கழற்ற முடியுமா பாருங்கள். கழற்றி, அலமாரியைச் சுவரிலிருந்து 10 செ.மீ. நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பின்பலகைதான் அலமாரியைக் கோணாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால், முழுதாக எடுக்காமல் மேலும் கீழும் அகலமாக வெட்டியெடுங்கள்.

அதுவும் போதாவிட்டால் விசிறி. கணினிக்குப் போடும் 120 மி.மீ., 12 வோல்ட் விசிறி இதற்கு அருமையாகப் பொருந்தும். அதை 7 வோல்ட் அளவில் மெதுவாக ஓட்டினால் பாட்டுக்கு நடுவே சத்தம் கேட்காது. பின்பக்கம், மேல் மூலையில், காற்றை வெளியே தள்ளும்படி பொருத்துங்கள். எந்தப் பக்கம் வெளியே என்று குழப்பம் வந்தால் விசிறியின் சட்டத்தில் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், மோட்டாரைத் தாங்கும் குச்சிகளும் ஸ்டிக்கரும் இருக்கும் பக்கமாகத்தான் பொதுவாகக் காற்று வெளியேறும். மரத்தில் நேராகத் திருகாமல் இடையே ரப்பர் வளையம் வைத்தால் அதிர்வு அலமாரிக்கு இறங்காது.

விசிறியை மாட்டிவிட்டுக் கீழே திறப்பு வைக்க மறப்பவர்கள் நிறையப் பேர். வெளியே போகிற அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். 120 மி.மீ. விசிறியின் வாய் சுமார் 110 சதுர சென்டிமீட்டர். கதவின் கீழே 40 செ.மீ. நீளத்துக்கு 3 செ.மீ. இடைவெளி விட்டால் அதற்கு ஈடாகிவிடும். அந்த இடத்தில் டிஷ்யூ காகிதத் துண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். உள்பக்கமாக இழுபட்டால் வேலை சரியாக நடக்கிறது. அசையாமல் தொங்கினால், விசிறி பக்கத்திலிருக்கும் ஏதோ ஓட்டை வழியாகவே காற்றை எடுத்து, அதே இடத்தில் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டையை அடையுங்கள்.

படி 7: கேபிள்கள்

பின்னால் கேபிள்களை ஒரே பந்தாகச் சுருட்டித் திணித்தால், விட்ட இடைவெளி எல்லாம் வீண். பவர் கார்டுகளை ஒரு பக்கமும் ஆடியோ கேபிள்களை மறு பக்கமும் கொண்டுபோங்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகாதீர்கள். அதை ஆம்பின் மேலோ, சூடான காற்று வெளியேறும் இடத்திலோ வைக்கவும் கூடாது.

படி 8: அளந்து பாருங்கள்

எல்லாம் முடிந்ததும் வெப்பமானியை ஆம்பின் மேலே அல்லாமல், அது மூச்சு வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கதவு இருந்தால் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கையேட்டில் 35 அல்லது 40 டிகிரி வரை பயன்படுத்தலாம் என்று போட்டிருப்பார்கள். அது கருவியைச் சுற்றியிருக்கும் காற்றின் அளவு. அறை 30 டிகிரியில் இருந்தாலும் அலமாரிக்குள் 45 இருந்தால் ஆம்புக்கு அது 45-தான். வரம்பைத் தாண்டினால் இடைவெளியைக் கூட்டுங்கள், இல்லையென்றால் விசிறிக்குப் போங்கள்.

தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி வைத்திருப்பவர்கள், பளபளப்பான உலோக மூடியை நேராக அளக்காதீர்கள். உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். மூடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த டேப்பைக் குறிவைத்து அளந்தால் எண் சரியாக வரும்.

கிடைத்த எண்ணை, அறையின் வெப்பநிலையோடும் தேதியோடும் கையேட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ப்ளக்கைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷும் வேக்குவம் கிளீனரும் கொண்டு துளைகளில் இருக்கும் தூசியை எடுங்கள். விசிறி இருந்தால் அது சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு உறிஞ்சுங்கள். பிறகு மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டி அளந்து, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். அறை அதே வெப்பநிலையில் இருந்தும் ஐந்தாறு டிகிரி கூடியிருந்தால் தூசி பெட்டிக்குள்ளே சேர்ந்திருக்கலாம். ப்ளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம். சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து உள்ளே சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.