33-ஆம் பக்கத்து வட்டம்: காதல் நாவலும் இளையோர் தொடரும் படிக்க என் வழி

என் அம்மா லெண்டிங் லைப்ரரியில் எடுக்கும் ஒவ்வொரு நாவலிலும் 33-ஆம் பக்கத்தில், பக்க எண்ணுக்குப் பக்கத்தில், பென்சிலால் மிளகு அளவுக்கு ஒரு வட்டம் போடுவார். படித்தாகிவிட்டது என்று அர்த்தம். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் போய்வந்த லைப்ரரியில் இப்படி ஏழெட்டுப் பேருடைய அடையாளங்கள் இருந்தன. ஒருவர் 50-ஆம் பக்கத்தில் நட்சத்திரம் போடுவார், இன்னொருவர் கடைசிப் பக்கத்தில் இனிஷியல். காதல் நாவல்களின் தலைப்புகள் அக்கா தங்கை மாதிரி ஒரே சாயலில் இருக்கும், அட்டைப் படமும் அப்படியே. அடையாளம் இல்லாவிட்டால் படித்ததையே திரும்ப எடுத்து வந்து, பத்துப் பக்கம் போன பிறகுதான் உறைக்கும்.

சில வட்டங்களுக்குள் அம்மா ஒரு புள்ளியும் வைப்பார். மறுபடி படிக்கலாம் என்பதற்கு அது. குறுக்கே கோடு இழுத்திருந்தால் வேண்டாம். பள்ளிக்கூட நாட்களில் புள்ளி வைத்த வட்டத்தைத் தேடித்தான் நான் புத்தகம் எடுப்பேன். ரமணிசந்திரன் நாவல்கள் அலமாரிக்கு வருவதே அபூர்வம், கை மாறிக்கொண்டே இருக்கும். அவற்றில் புள்ளி வைத்தவை நிறைய.

இப்போது எனக்கு 46 வயது. பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். மாம்பலத்திலிருந்து ஏழாவது ஸ்டேஷன் பீச். உட்கார இடம் கிடைத்தால் போகும்போது ஓர் அத்தியாயம், வரும்போது ஓர் அத்தியாயம். காதல் நாவல் அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. யங் அடல்ட் என்று சொல்கிற இளையோர் தொடர்கள் பதினாறு வயது மகளிடமிருந்து. இரண்டையும் 'சும்மா பொழுதுபோக்கு' என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரு பெண் யாரை நம்பலாம், எப்போது எழுந்து போய்விட வேண்டும் என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த பேச்சில் பாதி இந்தப் புத்தகங்களை வைத்துத்தான் நடந்தது. அதனால் எப்படித் தேர்ந்தெடுப்பது, எதைக் கவனித்துப் படிப்பது, படித்ததைப் பற்றி எப்படிப் பேசுவது என்று நான் பழகி வைத்திருப்பதைச் சொல்கிறேன்.

தொடரைக் கையில் எடுக்கும் முன்

முதலில் தொடர் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். மொத்தம் எத்தனை பாகம், கடைசிப் பாகம் எந்த வருஷம் வந்தது என்று தெரிந்துகொண்டு ஆரம்பித்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

அடுத்தது வரிசை. கதை நடக்கும் கால வரிசையில் படிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக்கு அனுப்பும் நாட்டைப் பற்றிய 'ஹங்கர் கேம்ஸ்' தொடரின் மூன்று பாகங்களும் 2008, 2009, 2010-இல் வந்தன. முன்கதையாக ஒரு புத்தகம் 2020-இலும் இன்னொன்று 2025-இலும் வந்தன. 2020-இல் வந்தது கதைப்படி பல வருஷம் முன்னால் நடப்பது. மூன்றாம் பாகத்தில் கதாநாயகி ஒரு பாட்டுப் பாடுவாள். அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பது இந்த முன்கதையில் இருக்கிறது. மூன்று பாகத்தையும் முடித்துவிட்டு அங்கே வந்தால் உடம்பு சிலிர்க்கும். முன்கதையை முதலில் படித்தால் அது வெறும் தகவலாகப் போய்விடும். என் மகளின் தோழி அப்படித்தான் படித்தாள். அவளுக்கு அந்த இடம் நினைவிலேயே இல்லை.

மூன்றாவதாக, முழு செட்டையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது, பெட்டியில் போட்ட செட்டைப் பார்த்தால் கை பரபரக்கும். முதல் பாகத்தை மட்டும் இரவல் வாங்கியோ, பழைய புத்தகக் கடையிலோ, நூலகத்திலோ படித்துப் பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் காலையில் உட்கார்ந்தால் சாயந்திரத்துக்குள் ஒரு பாகத்தில் பெரும்பகுதி முடியும். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் முதல் பாகங்கள் நிறையக் கிடைக்கும். எந்தத் தொடரின் முதல் பாகம் மட்டும் குவிந்து கிடக்கிறதோ, அதைப் பலர் பாதியில் விட்டிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாம் பாகத்தில்தான் தெரியும்

முதல் பாகத்தை வைத்து ஒரு தொடரைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள். புது உலகம், புது விதிகள், முதல் காதல் என்று எல்லாம் சேர்ந்து முதல் பாகத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். நான் பார்ப்பது இரண்டாம் பாகத்தின் முதல் ஐம்பது, அறுபது பக்கங்களை. கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றும்: சென்ற வருஷத்துப் பாக்கி இந்த வருஷத்தில் ஓப்பனிங் பேலன்ஸாக வந்திருக்கிறதா?

'ஹங்கர் கேம்ஸ்' இரண்டாம் பாகத்தில் வருகிறது. போட்டியில் ஜெயித்த பெண் ஊர் ஊராக அழைத்துப் போகப்படுகிறாள். முதல் பாகத்தில் அவள் கண்ணெதிரே செத்துப்போன சின்னப் பெண்ணின் குடும்பத்துக்கு எதிரே மேடையில் நிற்க வேண்டியிருக்கிறது. உயிரோடு வந்ததற்குக் கணக்குக் கேட்கப்படுகிறது. அந்தப் பக்கங்களைச் சேத்துப்பட்டு தாண்டிப் படித்துக்கொண்டிருந்தவள், கோட்டை ஸ்டேஷன் வரும்வரை அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. அன்றைக்கு அந்தத் தொடரை நம்பினேன். முதல் பாகத்தில் ஐந்து பேர் செத்து, இரண்டாம் பாகத்தில் யாரும் அவர்கள் பெயரைக்கூடச் சொல்லாத தொடர்களும் உண்டு. அங்கேயே நிறுத்திவிடலாம்.

கதையை யார் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 'டைவர்ஜென்ட்' என்ற இளையோர் தொடரின் முதல் இரண்டு பாகங்களைக் கதாநாயகி மட்டுமே சொல்லிக்கொண்டு வருவாள். 2013-இல் வந்த மூன்றாம் பாகத்தில் திடீரென்று காதலனும் சொல்ல ஆரம்பிப்பான். சொல்கிறவர் மாறினால் காரணம் இல்லாமல் மாறாது. அதற்கு மேல் சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும். அந்தக் காரணம் எனக்குப் பிடித்தது, என் மகளுக்கு இன்றுவரை கோபம்.

இந்தத் தொடர்களின் ஆட்கள் பெரும்பாலும் பதினைந்திலிருந்து பதினெட்டு வயது. எல்லாமே அவர்களுக்கு முதல் தடவை. 'இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு அழுகையா' என்று பெரியவர்களுக்குத் தோன்றும் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, முதல் தடவை நமக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதைச் செய்ய முடியாவிட்டால் இந்த வகை உங்களுக்கானது இல்லை. தமிழில் குழந்தைகள் கதைக்கும் பெரியவர்கள் நாவலுக்கும் நடுவில் இந்த அலமாரி இன்னும் ஒல்லியாக இருப்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். என் மகள் வயதுப் பிள்ளைகள் தங்கள் முதல் தடவைகளைத் தங்கள் மொழியிலும் படிக்க வேண்டும்.

காதல் நாவல்: முடிவு தெரியும், அப்புறம் என்ன?

காதல் நாவலில் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்பது அட்டையைப் பார்த்ததுமே தெரியும். அதைக் குறையாகச் சொல்வது, கச்சேரியில் மங்களம் பாடித்தான் முடிப்பார்கள் என்று குறை சொல்வது மாதிரி. பார்க்க வேண்டியது வழியை. 1908-இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் காதல் நாவல்களைக் கல்லூரி நாட்களில் வாரத்துக்கு மூன்று படித்திருக்கிறேன். சுமார் 190 பக்கத்தில் 150-ஐ ஒட்டி இருவரும் பிரிவார்கள். பிரிவு எதனால் வந்தது, எதனால் தீர்ந்தது என்ற இரண்டு கேள்வியிலேயே நல்ல நாவலும் மோசமான நாவலும் பிரிந்துவிடும்.

முதல் கேள்விக்கு என் சோதனை சுலபம். அவள் ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால் கதை முடிந்திருக்குமா? முடிந்திருக்கும் என்றால் அந்தப் பிரிவு பக்கத்தை நிரப்ப வைத்தது. அவள் கேட்கவே பயப்படும்படி ஏதோ இருக்கிறது, அந்தப் பயம் முதல் அத்தியாயத்திலிருந்தே நமக்குத் தெரியும் என்றால் அது நிஜமான பிரிவு.

இரண்டாவது கேள்விக்கு, மன்னிப்புக் கேட்கும் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். முரட்டு ஹீரோ நாவல்களில் அவன் அவளைச் சந்தேகப்படுவான், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவான். கடைசியில் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்கிறான்? 'உன் மேல் இருந்த ஆசையில் அப்படி நடந்துகொண்டேன்' என்றால் அது மன்னிப்பே இல்லை, தப்பை அவள் தலையில் கட்டுகிறான். தான் செய்தது இன்னது என்று பெயர் சொல்லிக் கேட்கிறானா, அவள் யோசிக்க நேரம் கொடுக்கிறானா என்று பாருங்கள். அவன் அவளை அறைந்து, அதை அவள் காதலாக எடுத்துக்கொள்ளும் நாவலை நான் அந்தப் பக்கத்திலேயே மூடிவிடுவேன். எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அம்மாவின் குறுக்குக் கோடுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட நாவல்களில்தான் இருந்தன. ஏன் என்று அந்த நாளில் அவர் சொன்னதில்லை, நானாகத்தான் புரிந்துகொண்டேன்.

இன்னொன்று, கதாநாயகியின் வேலை. முதல் அத்தியாயத்தில் அவள் டாக்டர், ஆர்க்கிடெக்ட், சொந்தமாகக் கடை நடத்துகிறவள். கல்யாணம் ஆனதும் அந்த வேலை எங்கே போகிறது? பாதிக் கதைக்கு மேல் அவள் ஒரு நாளாவது வேலைக்குப் போகிறாளா என்று தேடுங்கள். எழுத்தாளர் லட்சுமி தானே ஒரு டாக்டர், 1984-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே நாவலும் எழுதிய பெண் நமக்கு இருந்திருக்கிறார். அப்படி ஒருவர் இருந்த ஊரில் பிறந்த கதாநாயகியின் ஸ்டெதஸ்கோப் ஐந்தாம் அத்தியாயத்தில் காணாமல் போகக் கூடாது.

இணையத்தில் வரும் நாவல்களுக்கு

இன்னும் எழுதி முடியாத 'ஆன்-கோயிங்' கதைக்கு யூடி, அதாவது அடுத்த அத்தியாயம், எப்போது வரும் என்று காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் 'கல்கி'யில் வந்ததுதான். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் அடுத்த வாரத்துக்கு மாட்டிய கொக்கி இன்றும் தெரியும். வாரத்துக்கு என்று எழுதியதை வாரத்துக்கு ஒன்றாகப் படித்தால்தான் ருசி. ஆனால் போன வருஷம் நான் தொடர்ந்து படித்த ஒரு கதை 41-ஆம் யூடியோடு நின்றுவிட்டது. கதாநாயகி எழும்பூர் ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்கிறாள். இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள், எழும்பூரைத் தாண்டும்போதெல்லாம் நினைப்பு வரும். அதிலிருந்து, முன்பு கதையை முடித்துப் பழகிய எழுத்தாளர் என்றால் மட்டும் யூடியாகப் படிக்கிறேன். புதியவர் என்றால் 'முடிவுற்றது' என்று பார்த்த பிறகு. முடிந்ததும் இரண்டு வரியாவது அவருக்கு எழுதுங்கள். 'சூப்பர் சிஸ்' போதாது, எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள்.

பழைய மாத நாவல் வாங்கும்போது

பழைய கடையில் மாத நாவல் வாங்கினால் கடைசிப் பக்கத்தை அங்கேயே பார்த்துவிடுங்கள். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே காகிதம். முன்பக்கம் கிழிந்து போயிருந்தால் முடிவும் கூடவே போயிருக்கும். நடுப் பக்கத்தையும் விரித்துப் பாருங்கள், பின் துருப்பிடித்து அந்தத் தாள் மட்டும் கழன்று விழுந்திருக்கும்.

கருத்தை எழுதுவதும் பேசுவதும்

வட்டத்துக்குப் பதில் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு புத்தகத்துக்கு மூன்று வரி. எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் போனது, எந்தப் பக்கத்தில் சலித்தது, யாருக்குக் கொடுக்கலாம். மதிப்பெண் போடுவதில்லை. ஐந்துக்கு நாலு என்று எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்து அந்த நாலு எதற்கு என்று எனக்கே தெரியாது. 'பக்கம் 112, அவன் மன்னிப்புக் கேட்கிறான், நன்று' என்று இருந்தால் நாவல் முழுவதும் திரும்பி வரும்.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளை படித்தால், முதல் கேள்வியாக 'இதில் என்ன கற்றுக்கொண்டாய்' என்று கேட்காதீர்கள். நீங்களும் அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். மகளுக்குப் பதின்மூன்று வயதில் 'ட்வைலைட்' என்ற வேம்பயர் (ரத்தக் காட்டேரி) காதல் தொடர் மேல் பைத்தியம். நாலு பாகம், 2005-இலிருந்து 2008 வரை வந்தவை. நாலையும் நானும் படித்தேன். அதில் காதலன் ராத்திரியில் கதாநாயகியின் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "உனக்குத் தெரியாம ஒருத்தன் ஜன்னல் வழியா வந்து உட்கார்ந்தா உனக்கு எப்படிடி இருக்கும்?" என்று கேட்டேன். "அம்மா, அவன் வேம்பயர், அவனுக்குத் தூக்கமே கிடையாது" என்றாள். நான் மேலே பேசவில்லை, தோசை ஊற்றப் போய்விட்டேன். மூன்று நாள் கழித்து அவளே வந்தாள். "அவன் அவகிட்ட கேட்டுட்டு வந்திருந்தா எனக்கு இன்னும் பிடிச்சிருக்கும்மா" என்றாள். கதை அவளுக்கு இன்னும் பிடிக்கும், அந்த இடம் பிடிக்காது. இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றே நான் உபதேசம் செய்திருந்தால் அவள் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்திருப்பாள், என்னிடம் பேசியிருக்க மாட்டாள்.

இப்போது அம்மாவுக்கு 74 வயது, பொடி எழுத்து தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள்தான் அவருக்குக் காதல் நாவல் படித்துக் காட்டுகிறாள். கோபமாகப் பேசும் ஹீரோ வந்தால் இருவரும் சேர்ந்து திட்டுகிறார்கள். 33-ஆம் பக்கம் வந்ததும் அம்மா கையை நீட்டுவார், மகள் பென்சிலை எடுத்துக் கொடுப்பாள். புள்ளி வைப்பதா, கோடு இழுப்பதா என்பது மட்டும் கதை முடிந்த பிறகுதான்.