கல் பார்க்கப் போகிறவர் பையில் சாக்பீஸ் எதற்கு?

போன மாசியில் காங்கயம் பக்கம் ஒரு மேட்டாங்காட்டில் ஆறு பேர் நின்றிருந்தோம். ஐந்து பேர் இப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள். ஆறாவது ஆள் நான், இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளைப் பழைய கல்லும் கல்வெட்டும் தேடிப் போவதற்கே தின்னக் கொடுத்தவன். எதிரில் இடுப்புயரத்துக்கு ஒரு வீரக்கல், வீரமாகச் செத்தவனுக்கு நட்ட நினைவுக்கல். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி பையைத் திறந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்தார். "எழுத்தே தெரியலீங்கண்ணா. லேசாத் தீட்டிட்டா படம் நல்லா வந்துரும்."

கையைத் தட்டிவிட்டேன். தட்டியது கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது. அப்புறம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஆனால் அவர் சொன்ன அதே வாக்கியத்தை, ஏறக்குறைய அதே குரலில், ஒரு காலத்தில் நானே சொல்லியிருக்கிறேன். கோபம் அதனால்தான்.

தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள், பாறையில் காதலி பெயரைச் செதுக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இது அக்கறையோடு போகிறவர்கள் செய்கிற தப்புகளைப் பற்றியது.

மாமல்லபுரத்தை நினைத்துக்கொண்டு கொடுமணல் போவது

சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து "கொடுமணம்" என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. 1985 முதல் பல கட்டங்களாக இங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகளின் மிச்சம், தமிழ்ப் பிராமி என்கிற பழைய எழுத்தில் ஆள்பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. இதைப் படித்துவிட்டு வருகிறவர் தூணும் மண்டபமும் தேடுகிறார். அங்கே இருப்பது காடு. அகழாய்வுக் குழிகளை வேலை முடிந்ததும் மூடிவிடுவார்கள், அதுதான் முறை. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டே விட்டார்.

கண்ணைத் தரைக்கு இறக்க வேண்டும். இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி நட்ட கல்வட்டங்கள் தெரியும். அப்புறம் அந்த வட்டாரத்தையே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பச்சைக்கல் என்கிற பெரில் கிடைத்த படியூர் பக்கத்தில்தான் இருக்கிறது. சிவன்மலையின் பாறையைப் பார்க்கவென்றே நிலவியல்காரர்கள் வருவார்கள். நெஃபலின் சயனைட் (nepheline syenite) என்கிற அரிய வகை அது. மண்ணுக்கடியில் இப்படிச் சரக்கு இருந்ததால்தான் மேலே பட்டறை வந்தது. இந்தத் தொடர்பு பிடிபட்டால் வெறுங்காடு வெறுங்காடாகத் தெரியாது.

மழைக்கு மறுநாள் பாசிமணி பொறுக்குவது

பொறுக்காதீர்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் பாசிமணி.

"இங்கே கல்வெட்டு எங்கே இருக்கிறது?"

இப்படிக் கேட்டால் பாதி ஊர்களில் இல்லை என்றுதான் பதில் வரும். ஊதியூர் அருகே ஒரு ஆத்தாவிடம் கேட்டேன். "கல்வெட்டா? அதெல்லாம் எங்கூர்ல ஏதுங் சாமி" என்றார். சரி என்று வண்டியைத் திருப்பப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று, "எழுத்துக்கல்லு, புலிகுத்திக்கல்லு மாதிரி ஏதாவது..." என்று இழுத்தேன். "அட, அதக் கேளுங். எங்க காட்டு வேலியோரத்துலதான் நிக்குது" என்று எழுந்து முன்னால் நடந்தார். கல்வட்டம், கல்திட்டை என்பவை நம் புத்தகச் சொற்கள். ஊரில் அது பாண்டியன் குழியாக இருக்கும், இல்லை ஒரு சாமியின் பெயரில் இருக்கும். ஊரில் வழங்குகிற பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

காட்டுக்காரரிடம் அனுமதியும் அப்போதே கேட்டுவிடுங்கள். புறம்போக்கு என்று நாமாக முடிவு செய்துகொள்கிற நிலம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பட்டா நிலம்.

கொறங்காட்டுப் படலைத் திறந்துபோட்டுப் போவது

கொறங்காடு என்பது வேலி கட்டிய மேய்ச்சல் காடு. உள்ளே மேயும் காங்கயம் மாடு உங்கள் பின்னாலேயே ரோட்டுக்கு வந்துவிடும். அதற்கப்புறம் அந்த ஊரில் வரலாறு பேச முடியாது.

முனிவர் படுக்கையில் படுத்துப் பார்ப்பது

கரூர் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலையில் சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் அங்கே பாறையில் நிற்கின்றன. இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது யாற்றூர்ச் செங்காயபன் என்ற முனிவருக்கு வெட்டிக்கொடுத்த உறையுள் அது. அதில் மல்லாந்து படுத்து செல்ஃபி எடுக்கிறார்கள். எழுந்திருங்கள், வேறென்ன சொல்ல.

சாக்பீஸ்

இனிதான் விஷயம்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு, நொய்யல் ஓரத்தில் ஒரு ஊர். ஊர்ப்பெயர் வேண்டாம். ஒருவன் புலியை ஈட்டியால் குத்துகிற சிற்பம். மேலே மூன்று வரி எழுத்து. முதல் வரியில், பெயர் இருக்க வேண்டிய இடம் சிதைந்துபோயிருந்தது. நான் காலை எட்டு மணிக்கே ஆர்வமாகப் போய் நின்றேன். கல் கிழக்குப் பார்த்தது. வெயில் நேர் முகத்தில் அடித்ததில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தது. எடுத்தேன் சாக்பீஸை. தெரிந்த பள்ளங்களை எல்லாம் தீட்டினேன். கடைசி வரி பளிச்சென்று வந்தது: "புலிகுத்திப் பாட்டன்."

பழைய கல்லில் புள்ளி வைக்க மாட்டார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். "பாட்டன்" என்பது "பாடடன" என்றுதான் இருக்கும். ரகரமும் கால் என்கிற துணையெழுத்தும் ஒரே கோடாகத்தான் நிற்கும். இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்த தைரியத்தில்தான் தீட்டினேன். புலியைக் குத்திய பாட்டன், பொருத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷம் வேறு. ஊரைக் கூட்டி, "இது உங்கள் முப்பாட்டன் கல்" என்று பேசினேன். படம் அந்த ஊர்க் கோயில் விழா மலரில் வந்தது.

நான்கு வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கல்லைத் தாண்டினேன். உச்சி வெயில் கல்லின் முகத்தை ஒட்டி மேலிருந்து கீழே வழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல். பகரத்துக்கு அடுத்து நான் கால் என்று தீட்டிய கோட்டுக்கு மட்டும் வெட்டின் விளிம்பு இல்லை. அது கல்லில் ஓடிய விரிசல், சிற்பத்துக்குள்ளும் இறங்கிப் போயிருந்தது. இரண்டாவது டகரத்துக்கு அப்புறம், கல்பாசி படர்ந்த இடத்தில், உண்மையான கால் நின்றது. "படடான." அதாவது "புலி குத்திப் பட்டான்." புலியோடு பொருதிச் செத்தான். வீரக்கல்லில் எங்கும் வருகிற முடிவு. ஒரு கோட்டை நான் இடம் மாற்றியதில் செத்தவன் பாட்டன் ஆகிவிட்டான்.

மழை வந்தால் சாக்பீஸ் போய்விடும்தானே என்பீர்கள். போயிருக்கும்தான். ஆனால் அதற்குள் ஊர்க்காரர்கள் என் கோடுகளின் மேலேயே மஞ்சள் எனாமல் அடித்துவிட்டார்கள். எழுத்து அழிந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். விரிசல் இப்போது மஞ்சள் நிறக் கால். கல்பாசிக்கு அடியில் இருந்த நிஜக் கால் பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்டது.

சாக்பீஸில் எனக்குள்ள வெறுப்பு கறையைப் பற்றியது இல்லை. தீட்டுகிற நொடியில் நீங்கள் படிப்பதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பிக்கிறீர்கள். அதற்கப்புறம் வருகிறவர் பார்ப்பது கல்லை இல்லை, உங்கள் கருத்தை. தமிழ்ப் பிராமியில் இது இன்னும் மோசம். அறச்சலூர் நாகமலைக் குகையில் த, தை, தா என்று கட்டம் கட்டியது போல ஆடலுக்கான சொற்கட்டுகள் வெட்டியிருக்கின்றன. எழுத்துகளைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் இருக்கிறது. அந்த எழுத்தில் தகரத்தைத் தா ஆக்குவது ஒரு சிறு பக்கக் கோடு. அங்கே சாக்பீஸ் ஒரு நூல் நகர்ந்தால் தாளமே மாறிவிடும்.

கம்பித் தூரிகை, எண்ணெய், அரிசி மாவு எல்லாம் இதே கணக்குதான். கம்பியால் கல்பாசியைச் சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து வரும்.

வேண்டியது சாய்ந்த வெளிச்சம். விடிகாலையில் போங்கள் என்று எல்லோரும் சொல்வது தரையோடு கிடக்கும் பாறைக்குத்தான் சரி. நிற்கும் கல் கிழக்கோ மேற்கோ பார்த்தால் உச்சி நேரத்தை ஒட்டிப் போக வேண்டும். தெற்குப் பார்த்த கல்லுக்குக் குளிர்கால மாதங்களில் காலையும் மாலையும் பக்கவாட்டு வெயில் கிடைக்கும். வடக்குப் பார்த்ததென்றால் நம் ஊரில் சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். அதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் இருட்டியபின் ஒரு டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து என்று மூன்று படம் எடுங்கள். ஒரு வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற கோட்டைச் சந்தேகப்படுங்கள். ஈரத்தாளை ஒற்றி எடுக்கும் மைப்படி, கற்றவர்கள் செய்ய வேண்டியது. காணொளி பார்த்துச் செய்யாதீர்கள்.

அந்த மாசி ஞாயிறும் கல் கிழக்குப் பார்த்ததுதான். ஒன்பது மணியிலிருந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கடலை கொறித்தோம். பதினொன்றரை தாண்டியதும் சாக்பீஸ் தம்பிதான் முதலில் எழுந்து ஓடினார். இரண்டு வரி முழுசாகத் தெரிந்தது. மூன்றாவதைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாறை ஓவியத்தில் தண்ணீர் அடிப்பது

கோவைக்கு மேற்கே குமிட்டிபதி பதிமலையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய யானை ஓவியம் இருக்கிறது. பாட்டில் தண்ணீரை அதன்மேல் வீசினால் இரண்டு நிமிடம் பளிச்சென்று தெரியும். பாறையில் உள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து, காய்ந்ததும் ஓவியத்தின் மேல் படலமாக விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ யானையும் நடமாடும் அடிவாரம் அது. பொழுது சாயும் முன் இறங்கிவிடுங்கள்.

சென்ட் அடித்துக்கொண்டு பாறை இடுக்குக்குள் நுழைவது

மலைத்தேனீ. அவ்வளவுதான்.

இடத்தை அப்படியே வரைபடத்தில் குத்திப் பகிர்வது

புதிதாக ஒரு கல்வட்டம் கண்ணில் பட்டால் கை துறுதுறுக்கும். படத்தோடு துல்லியமான இடத்தையும் போட்டுவிடுவோம். ஈமக்குழிக்குள் தங்கம் இருக்கும் என்று நம்புகிறவர்களும் அதைப் பார்க்கிறார்கள். நான் ஒரு முறை போட்டேன்; ஆறு மாதம் கழித்துப் போனபோது நடுவில் ஆளுயரக் குழி. உடைந்த தாழித் துண்டுகளை வெளியே வீசிவிட்டுப் போயிருந்தார்கள். ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விவரத்தைத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். நிலத்தில் நீங்களே ஏதாவது கண்டெடுத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது: பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு இன்றைக்கு டீ கூட வராது, ஆனால் சட்டம் அதுதான்.

திருமூர்த்திமலை அருவியில் வானத்தைப் பார்ப்பது

கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பிடித்திருக்கும், வெள்ளம் சொல்லாமல் இறங்கும். வனத்துறை மூடினால் மூடியதுதான், கெஞ்சாதீர்கள்.

அளவு காட்டாமல் படம் எடுப்பது

ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள்.

தப்பை ஊருக்குச் சொல்லாமல் விடுவது

இதையும் செய்தேன். 'பட்டான்' என்று புரிந்த பிறகும் ஒரு வருடம் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. பொங்கல் முடிந்த வாரம் அந்தக் கல்லுக்கு ஒரு படையல் போட ஆரம்பித்திருந்தார்கள். எனக்குச் சொல்லி அனுப்புவார்கள், நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். கடைசியில் போய், பெரியவரை ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், கால், கல்பாசி, எல்லாம். அவர் கல்லையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"செத்துப்போனான்னு எழுதியிருக்குதுங்களா?"

"ஆமாங்கய்யா. பாட்டன்னு இல்லீங்க."

"அதனால என்னங் தம்பி. செத்தவன் எங்க பாட்டந்தானுங்களே."

திருத்தம் எழுதி அனுப்பினேன். அடுத்த விழா மலரிலும் பழைய படத்தையே போட்டிருந்தார்கள். எனாமலும் வருடா வருடம் புதுசாக ஏறுகிறது. அன்றைக்குக் கிளம்பும்போது பெரியவர் ஒரு தூக்குப்போசி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டார். போசியை இன்னும் திருப்பித் தரவில்லை.