தண்டுவடத்துக்கு நரம்பு செல் வளர்க்கறது எப்படி: கல்ச்சர் ரூம்ல இருந்து

நான் செல் வளர்க்கற லேப்ல வேலை பாக்கறவன். அதனால சொந்தத்துல யாராவது பைக்ல விழுந்து தண்டுவடம் அடிபட்டுட்டா உடனே எனக்கு போன் வரும், "ஸ்டெம் செல் போட்டா எந்திரிச்சு நடந்துருவான்ல?"ன்னு. ஆமான்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது, அதுக்கு பதிலா அந்த செல்ல எப்படி வளர்க்கறாங்கன்னு சொல்லிடறேன், அது தெரிஞ்சா எவன் கதை விடறான்னு நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க.

முதல்ல விதை வேணும். 2006-ல ஜப்பான்ல யமனாகாங்கற விஞ்ஞானி எலியோட தோல் செல்லுக்குள்ள நாலே நாலு ஜீன அனுப்பி அத எந்த செல்லாவும் மாறக்கூடிய கரு நிலைக்கே திருப்பிட்டாரு, அடுத்த வருஷமே மனுஷ செல்லுலயும் செஞ்சாரு, அதுதான் ஐபிஎஸ் செல். அடிபட்டவரோட சொந்த செல்லுல இருந்தே செய்யலாம், ஆனா செஞ்சு டெஸ்ட் பண்ணி முடிக்க மாசக்கணக்கா ஆகும், தண்டுவடம் அவ்ளோ நாள் காத்திருக்காது. அதனால வேற ஒருத்தர் குடுத்து ஏற்கனவே ரெடியா ஃப்ரீஸ் பண்ணி வெச்சிருக்கற செல்ல எடுக்கறாங்க.

அப்புறம் வளர்ப்பு. இன்குபேட்டர்ல 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, டிஷ்ஷுக்கு அடியில புரோட்டீன் பூச்சு, தினமும் மீடியம், அதாவது செல்லுக்கு தீனி குடுக்கற திரவம், மாத்தணும். பொங்கலா இருந்தாலும் ஒருத்தர் வந்து மாத்தித்தான் ஆகணும், கைக்குழந்தை மாதிரிதான். மைக்ரோஸ்கோப்ல பாத்தா நல்ல காலனி, அதாவது செல் கூட்டம், தட்டையா, ஓரம் கத்தியால வெட்டுன மாதிரி இருக்கும். ஓரம் பிசிறடிச்சு செல் பரந்து கெடந்தா அது இஷ்டத்துக்கு வேற ஏதோவா மாற ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், பிப்பெட் டிப்பால சுரண்டி எறிஞ்சிரணும், பாவம் பாக்கக் கூடாது. நான் ஒரு தடவ பாவம் பாத்து விட்டேன், ரெண்டு வார வேலை குப்பைக்கு போச்சு.

இத நரம்பாக்கறது நீங்க நெனைக்கற மாதிரி ஏதோ உரம் போட்டு இல்ல, "நீ தோலா மாறு, சதையா மாறு"ன்னு சொல்ற ரெண்டு சிக்னல அடைச்சு விட்டா போதும், செல் தானா நரம்பு பக்கம் போயிரும். 2009-ல நியூயார்க்ல வெளியான முறை இது, இன்னைக்கும் பாதி லேப்ல இதத்தான் பண்றாங்க. பத்து பதினோரு நாள்ல நரம்புக்கான அடையாள புரோட்டீன் தெரிய ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் செல்லெல்லாம் வட்டமா இதழ் அடுக்குன மாதிரி நிக்கும், ரோசெட்னு சொல்லுவோம். எத்தன தடவ பாத்தாலும் அழகுதான்.

ஆனா இதுக்கு இன்னும் அட்ரஸ் குடுக்கணும். சும்மா விட்டா மூளையில இருக்கற மாதிரி நரம்பா வந்து நிக்கும், தண்டுவடத்துக்கு தோதான செல்லா மாத்த ரெட்டினாயிக் ஆசிட் (வைட்டமின் ஏ-ல இருந்து வர்றது) மாதிரி சிலத சேக்கணும். 2016-ல அமெரிக்காவுல சான் டியாகோ குழு எலியில காட்டுனாங்க, மூளையில இருந்து இறங்கி கை காலை ஆட்டற நரம்பிழை இருக்குல்ல, அது தண்டுவட அடையாளம் உள்ள செல்லுக்குள்ளதான் வளந்து போச்சு, மூளை அடையாளம் உள்ளதுக்குள்ள போகல.

கடைசியா சலிக்கணும். நரம்பா மாறாத ஐபிஎஸ் செல் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் உள்ள போய் கட்டியாகலாம். டோக்கியோல கெய்யோ யுனிவர்சிட்டி ஓகானோ, நகமுரா குழு இதுக்காகவே, செல்ல பெருக விடாம முதிர வெக்கற ஒரு மருந்துல ஊற வெச்சிட்டுத்தான் போடறாங்க.

மனுஷனுக்கு போட்டதும் அவங்கதான். 2021 டிசம்பர்ல முதல் ஆளு, மொத்தம் 4 பேர், ஆளுக்கு 20 லட்சம் செல், அடிபட்டு 14-ல இருந்து 28 நாளுக்குள்ள. சீக்கிரமா போட்டா வீக்கத்துலயே செல் செத்துரும், லேட்டானா தழும்பு கெட்டியாகி இழைய உள்ள விடாது. 2025 மார்ச்ல ரிசல்ட் சொன்னாங்க, 2 பேருக்கு அசைவு கூடிருக்கு, அதுல ஒருத்தர் பிடிமானம் இல்லாம நிக்கறாரு, பெரிய சைடு எஃபெக்ட் இல்ல. சந்தோஷம்தான், ஆனா முதல் சில மாசத்துல தானாவே கொஞ்சம் தேறறவங்களும் உண்டு, செல் போடாத இன்னொரு கூட்டத்தோட ஒப்பிட்டும் பாக்கல, அதனால எவ்ளோ செல்லால வந்துச்சு எவ்ளோ உடம்பு தானா செஞ்சதுன்னு பிரிக்க முடியாது.

இப்ப உங்ககிட்ட ஒருத்தன் "இடுப்பெலும்பு மஜ்ஜைய எடுத்து மத்தியானமே முதுகுல போட்டுருவோம், ரெண்டு லட்சம்"னு சொன்னா மேல சொன்னதுல எந்த வேலை நடந்துச்சுன்னு கேளுங்க. அது ரத்தம் ஊறுற இடத்து செல், ஒரு மத்தியானத்துல நரம்பா மாறாது. டிரையல்னு சொன்னா சிடிஆர்ஐ, அதாவது நம்ம நாட்டு டிரையலெல்லாம் பதிவு பண்ற அரசு சைட், அதோட பதிவு நம்பர் கேட்டு வாங்கி அந்த சைட்லயே போட்டு பாருங்க, என்ன செல், அடிபட்டு எத்தன நாள் ஆனவங்களுக்குன்னு எல்லாம் இருக்கும். ஐசிஎம்ஆர், அதாவது மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதோட 2017 வழிகாட்டுதல்படி நம்ம நாட்டுல தண்டுவடத்துக்கு ஸ்டெம் செல் போடறது டிரையல் மட்டும்தான், டிரையல்ல பேஷன்ட்கிட்ட செல்லுக்கு காசு வாங்கக் கூடாது. போட்டா என்ன ஆயிரப்போகுதுன்னு நெனைக்காதீங்க, போர்ச்சுகல்ல மூக்கு சவ்வ எடுத்து தண்டுவடத்துல வெச்சுக்கிட்ட ஒரு பொண்ணுக்கு எட்டு வருஷம் கழிச்சு முதுகுக்குள்ள சளி ஊறுற கட்டி வளந்து ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, 2014-ல மெடிக்கல் ஜர்னல்லயே வந்துச்சு.

அந்த ரெண்டு லட்சத்துல நல்ல ஏர் பெட் வாங்குங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போட ஆள் வெச்சுக்கோங்க. படுக்கைப்புண் வந்து சீழ் புடிச்சிருந்தா நாளைக்கு உண்மையான டிரையலே வந்தாலும் உள்ள சேத்துக்க மாட்டாங்க.